சாக்பீஸில் எழுதப்படும் 146 பெயர்கள்... பூட்டிய கதவால் நடந்த நியூயார்க் துயரம்!

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 25 அன்று, நியூயார்க்கின் பழைய குடியிருப்புத் தெருக்களில் சிலர் கையில் சாக்பீஸோடு நடந்து போவார்கள். ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று, குனிந்து, நடைபாதையில் ஒரு பெயரை எழுதுவார்கள். பக்கத்திலேயே வயது. பிறகு அடுத்த முகவரிக்கு நகர்ந்துவிடுவார்கள்.

1911-ம் ஆண்டு இதே நாளில் அந்த வீடுகளிலிருந்து வேலைக்குக் கிளம்பியவர்கள், மாலையில் வீடு திரும்பவே இல்லை. மொத்தம் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள். மிகக் குறைந்த வயது 14.

வேலை முடியும் நேரம்

அன்று சனிக்கிழமை. மன்ஹாட்டனில் 10 மாடிகள் கொண்ட ஆஷ் கட்டடத்தின் கடைசி மூன்று தளங்களில் இயங்கியது ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை. அந்தக் காலத்தில் பெண்கள் விரும்பி அணிந்த ஒருவகைச் சட்டைதான் அங்கே தைக்கப்பட்டது. தையல் மெஷின்களில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர், பிழைப்பு தேடி அமெரிக்காவுக்கு வந்த யூத, இத்தாலியக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள்.

மாலை 4.40 மணி இருக்கும். வேலை முடிந்து கிளம்பும் நேரம். 8-வது மாடியில் கட்டிங் டேபிளுக்கு அடியில் குவிந்திருந்த வெட்டுத்துணியில் தீ பிடித்தது. அணையாத தீக்குச்சியோ, சிகரெட்டோ காரணமாக இருக்கலாம் என்பது விசாரித்தவர்களின் கணிப்பு. துணியும் காகிதமும் நிறைந்த இடம் என்பதால் நிமிடங்களில் தீ பரவியது.

8-வது மாடியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தப்பினர். 10-வது மாடிக்கு போனில் தகவல் போனதால், உரிமையாளர்கள் உட்பட அங்கிருந்த கிட்டத்தட்ட எல்லோரும் மொட்டை மாடி வழியாகத் தப்பிவிட்டார்கள். நடுவில் இருந்த 9-வது மாடிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. தீயைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அங்கிருந்தவர்களுக்கு விஷயமே தெரிந்தது.

திறக்காத கதவு

ஒரு பக்கப் படிக்கட்டை நெருப்பு மறித்தது. மறுபக்கக் கதவை நோக்கி ஓடினார்கள். அது பூட்டியிருந்தது. தொழிலாளர்கள் துணியைத் திருடிவிடக் கூடாது என்பதற்காக, வேலை முடிந்ததும் ஒரே வழியில் அனுப்பி, பையைச் சோதிப்பது அங்கே வழக்கம். வெளியே இருந்த இரும்பு ஏணிப்படி பாரம் தாங்காமல் சரிந்தது. லிஃப்ட் ஆபரேட்டர்கள் உயிரைப் பணயம் வைத்து, முடிந்தவரை மேலும் கீழும் ஓட்டிப் பலரைக் காப்பாற்றினார்கள்.

தீயணைப்பு வண்டிகள் சீக்கிரமே வந்துவிட்டன. ஆனால், ஏணி எட்டியது 6-வது மாடி வரைதான். வேறு வழியில்லாமல் ஜன்னலிலிருந்து குதித்தவர்களைக் கீழே விரித்த வலைகளாலும் தாங்க முடியவில்லை.

இத்தனைக்கும் 1909-ல் நியூயார்க்கின் ஆடைத் தொழிலாளர்கள் சுமார் 20,000 பேர் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தில் ட்ரையாங்கிள் பெண்களும் முன்னணியில் நின்றவர்கள். அவர்களின் தொழிற்சங்கத்தை நிர்வாகம் கடைசிவரை ஏற்கவே இல்லை.

75 டாலர்... 20 டாலர்!

உரிமையாளர்கள் இருவர் மீதும் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியாததால், 1911 டிசம்பரில் விடுதலை ஆனார்கள். 1914-ல் சிவில் வழக்கில் கிடைத்த இழப்பீடு, ஓர் உயிருக்கு 75 டாலர். இதற்கிடையே 1913-ல், அந்த உரிமையாளர்களில் ஒருவர் வேலை நேரத்தில் கதவைப் பூட்டியதாக மறுபடியும் சிக்கினார். அபராதம் வெறும் 20 டாலர்.

அன்று அருகிலிருந்து ஓடிவந்து, பெண்கள் விழுவதைத் தெருவில் நின்று பார்த்தவர்களில் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸும் ஒருவர். அடுத்து அமைக்கப்பட்ட நியூயார்க் மாநில விசாரணைக் குழுவுக்காக அவர் தொழிற்சாலைகளை ஆய்வு செய்தார். வேலை நேரத்தில் கதவுகள் பூட்டக் கூடாது, தீயணைப்புப் பயிற்சி கட்டாயம், உயரமான ஆலைகளில் தானாக நீர் தெளிக்கும் கருவிகள் வேண்டும் எனச் சட்டங்கள் வந்தன. பெர்கின்ஸ் 1933-ல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டின் முதல் பெண் அமைச்சரும் அவர்தான்.

அழிந்தாலும் எழுதுவோம்

இறந்தவர்களில் 6 பேர் யார் என்றே அப்போது தெரியவில்லை. 100 ஆண்டுகள் கழித்து, 2011-ல்தான் ஓர் ஆய்வாளரின் முயற்சியால் அவர்களின் பெயர்கள் தெரியவந்தன. சாக்பீஸில் பெயர் எழுதும் வழக்கத்தை 2004-ல் தொடங்கியவர் கலைஞர் ரூத் செர்ஜெல். மழை பெய்தாலோ, நாலு பேர் நடந்தாலோ வாசல் கோலம்போல அது அழிந்துவிடும். அடுத்த வருடம் மறுபடியும் எழுதுகிறார்கள்.

மறக்கக் கூடாத காரணமும் இருக்கிறது. 2012-ல் வங்கதேசத் தலைநகர் டாக்கா அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் 110-க்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தபோதும், வெளியேற வழி அடைபட்டிருந்ததாகவே தப்பியவர்கள் சொன்னார்கள்.

ஆஷ் கட்டடம் இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைக் கட்டடம். 2023 அக்டோபரில் அதன் சுவரில் 146 பெயர்களோடு எஃகு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் அங்கே பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து மணி அடிக்கிறார்கள். அப்போது ஒரு தீயணைப்பு வண்டி தன் ஏணியை மெல்ல உயர்த்துகிறது. 6-வது மாடி வந்ததும், அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.