பொதுச் சொத்தாய் ஓர் இயங்குதளம்

கணினியில் தட்டிய எழுத்தைத் திரையில் காட்டுவதும், கணக்கைப் பதிந்து வைப்பதும், அச்சு யந்திரத்திற்கு ஏவல் இடுவதும் இயங்குதளம் என்னும் அடிப்படை மென்பொருளின் வேலையாகும். பெரும்பாலோர் இதனைக் கணினியுடன் சேர்த்தே விலைக்கு வாங்குகின்றனர். அதன் உள்ளமைப்பைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அந்த உரிமையை யாவர்க்கும் வழங்கும் இயங்குதளங்களும் உள. அவற்றை உபயோகிப்போரின் அனுபவம் கூட்டுறவாளராகிய நாம் அறியத்தக்கது.

1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். இவ்விரண்டையும் இணைத்துப் பயனுக்குக் கொணர்ந்த முயற்சிகளுள் முக்கியமானது, 1993 ஆகஸ்டு 16-இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் ஆகும்.

டெபியனில் பங்குத்தொகை இல்லை, உழைப்பே பங்கு. உழைத்துக் காட்டியவர்கள் அங்கத்தினராகின்றனர். ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 1997-இல் இவர்கள் ஏற்ற சமூக ஒப்பந்தத்தில், குறைகளை மறைக்க மாட்டோம் என்பதும் ஒரு வாக்குறுதி. குறைகளின் பதிவேடு எவரும் காணுமாறு திறந்தே இருக்கிறது.

உபயோகிப்போர் கூறும் நிறைகள் பல. கட்டணம் இல்லை, பழைய யந்திரமும் பயன்படுகிறது, தேவையான மென்பொருள்களை ஒரே களஞ்சியத்திலிருந்து பெறலாம். குறைகளும் உண்டு. சில அச்சு யந்திரங்கள் எளிதில் இணங்குவதில்லை. வணிகக் கணக்கு மென்பொருள்கள் சில இதில் ஓடுவதில்லை. பிற அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களின் அமைப்புச் சில சமயம் குலைந்து தோன்றும். பழகிய பதிப்புகளே நிலையானவை என்பார் ஒருசாரார். புதியன தாமதமாக வருகின்றன என்பார் மற்றொரு சாரார்.

நெடுங்காலம் நிலவிய குறை கம்பியில்லா இணைப்பைப் பற்றியது. அதற்கான உறுப்புகள் பலவற்றிற்கு, தயாரிப்பாளர் திறந்து காட்டாத சிறு நிரல் தேவை. டெபியனின் கொள்கையோ திறந்தவற்றை மட்டுமே தன் அதிகாரபூர்வ நிறுவல் தொகுப்பில் சேர்ப்பது. ஆகவே புதிதாக வந்தவர், இணைப்புக்கு நிரல் வேண்டும், நிரலைப் பெற இணைப்பு வேண்டும் என்ற நிலையில் திகைத்து நின்றார். 2022-இல் அங்கத்தினர் வாக்களித்து, அந்நிரல்களையும் தொகுப்பில் சேர்க்க இசைந்தனர். 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில் இது நடைமுறைக்கு வந்தது.

கொள்கை தளர்ந்தது என்று வருந்துவோரும், கதவு திறந்தது என்று மகிழ்வோரும் உளர். இரு சாராரின் வாதங்களும் மறைவின்றிப் பதிவாகியுள்ளன என்பதே நாம் மெச்சத்தக்கது. எனினும் வாக்குரிமை உழைத்த அங்கத்தினருக்கே உண்டு. உபயோகிப்போர் குறையை எழுதித் தெரிவிக்கலாமேயன்றி வாக்களிக்க இயலாது. பயன்பெறுவோர் யாவரும் அங்கத்தினராவதில்லை என்னும் இந்தச் சங்கடம் நமக்கும் புதிதன்று.

இவ்விஷயம் நம் அலுவலகங்களையும் தொடுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-உடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 கோரும் வசதிகள் பல பழைய கணினிகளில் இல்லை. அவற்றைக் கழித்துவிடுமுன் லினக்ஸைப் பரீட்சித்தல் நலம். முதலில் கணக்குகளுக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும். பின்னர் நிறுவாமலே, பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். தமிழ்த் தட்டச்சு, அச்சு யந்திரம், சங்கத்தின் கணக்கு மென்பொருள் ஆகிய மூன்றும் சரியாக நடந்தால் மட்டுமே மாற வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ மிகப் பழைய 32-பிட் கணினிகளில் புதிதாக நிறுவ வழியில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

இம்முயற்சி நமக்கு அந்நியமானதும் அன்று. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. 2023 செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் கூடியது.

இலவசமாய்க் கிடைப்பது பராமரிப்பின்றி நிலைக்காது. ஒரு குறையைத் தெளிவாக எழுதி அனுப்புவதும், ஒரு பக்கத்தைத் தமிழாக்கித் தருவதும் இங்கே பங்கு செலுத்துவதேயாகும். கணினி அறிந்த நம் இளைஞர்கள் இதில் ஈடுபட வேண்டுமென விரும்புகிறோம்.