லண்டன் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது?

பிரிட்டனில் வாழும் நம்மவர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்துவிட்டால் முதல் மாதம் முழுக்க ஒரே பேச்சுதான். மதுரையிலிருந்து தாத்தா நட்சத்திர எழுத்தைச் சொல்வார். பாட்டிக்குக் குலதெய்வத்தின் பெயர் வேண்டும். பெற்றோரின் கவலை வேறு: இந்தப் பெயர் வெள்ளைக்காரர் வாயில் நுழையுமா? யோசிக்க நாளும் அதிகமில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 42 நாள்களுக்குள், ஸ்காட்லாந்தில் 21 நாள்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும் இந்திய வம்சாவளியினர் சுமார் 18.6 லட்சம் பேர். அத்தனை குடும்பங்களும் ஏதோ ஒரு நாள் இந்தக் கேள்வியைச் சந்திக்கின்றன.

பயத்துக்குக் காரணம் உண்டு

பெற்றோரின் கவலையை வீண் பயம் என்று தள்ள முடியாது. பிரிட்டனின் வேலை, ஓய்வூதியத் துறைக்காக 2008-09இல் ஓர் ஆய்வு நடந்தது. தகுதியும் அனுபவமும் சமமாக இருக்க, பெயரை மட்டும் மாற்றி வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் தாங்கிய விண்ணப்பங்களில் 9 அனுப்பினால் ஒரு நல்ல பதில் வந்தது. சிறுபான்மை இனத்தவர் பெயரில் அதே ஒரு பதிலுக்கு 16 அனுப்ப வேண்டியிருந்தது.

முந்தைய தலைமுறையில் சிலர் இதற்குப் பெயரையே விலையாகக் கொடுத்தார்கள். 1943இல் யார்க்‌ஷயரில் கிருஷ்ணா பண்டிட் பாஞ்சி என்ற பெயரோடு பிறந்தவர், நடிப்புத் தொழிலுக்காகப் பென் கிங்ஸ்லி ஆனார். அந்தப் பெயரோடுதான் பின்னர் திரையில் காந்தியாக நின்று ஆஸ்கர் விருதும் வாங்கினார்.

இன்றைய நிலைமை அப்படியே இல்லை. 1980இல் சவுத்தாம்ப்டனில் பிறந்த ரிஷி சுனக், பெற்றோர் வைத்த பெயரோடு 2022 அக்டோபரில் பிரதமரானார். 2023இல் இங்கிலாந்து, வேல்ஸில் ஆண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்பட்ட பெயர் முஹம்மது. நகைச்சுவைக் கலைஞர் ரொமேஷ் ரங்கநாதன் கிராலியில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய முழுப் பெயர் ஜோனதன் ரொமேஷ் ரங்கநாதன். முன்னால் ஓர் ஆங்கிலப் பெயர் தயாராக இருந்தும், மக்கள் மனத்தில் பதிந்தது ரொமேஷ் ரங்கநாதன்தான். நான்கு அசைக் குடும்பப் பெயரை ஒரு நாடே பழகிக்கொண்டது.

இரு வீட்டுக்கும் சொந்தமான பெயர்கள்

இரண்டு மொழியிலும் இயல்பாக ஒலிக்கும் பெயர் வேண்டுமென்றால், கைக்கெட்டும் தூரத்திலேயே நிறைய இருக்கின்றன. நீல், ஜெய், ரோஹன், கிரண் போன்றவை வட இந்தியக் குடும்பங்களில் பலகாலமாகப் புழங்குகின்றன. தமிழ்ப் பெற்றோர் இன்னும் கொஞ்சம் உள்ளே தேடலாம்.

கவின் என்றால் அழகு. அயர்லாந்திலிருந்து வந்த கெவின் என்ற பெயரின் வேரிலும் அழகும் மென்மையும் கலந்த பொருளே இருக்கிறது. கீரன் சங்கப் புலவர்களின் பெயர்களில் வருவது. நக்கீரரை அறியாத தமிழர் யார்? பிரிட்டனில் சகஜமான கியரன் என்ற அயர்லாந்துப் பெயருக்கும் இதற்கும் ஒலியில் வித்தியாசம் மிகக் குறைவு. ஆதன், கீழடிப் பானையோட்டில் தமிழியில் பொறித்திருக்கும் பெயர். ஏடன் என்ற பெயரைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகப் படாது. மேற்கு சசெக்ஸில் அருண் என்று எழுதப்படும் ஓர் ஆறே ஓடுகிறது. உச்சரிப்பு மட்டும் 'ஏரன்' பக்கம் சாயும். அதைத் திருத்திச் சொல்லப் பெற்றோர் தயாராக இருக்க வேண்டும்.

தாய் ஆங்கிலேயர், தந்தை இந்தியர் என்றிருக்கும் வீடுகளில் இத்தகைய பெயர்கள் இரண்டு பாட்டிகளுக்கும் நிம்மதி தரும். ஆனாலும் நடுவழிதான் ஒரே வழி என்றில்லை. 1968இல் சென்னையில் இந்தியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த நாசர் ஹுசேன், தந்தை வழிப் பெயரோடுதான் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் கேப்டனாக இருந்தார்.

எழுதிப் பாருங்கள், கூப்பிட்டுப் பாருங்கள்

பெயரை முடிவுசெய்யும் முன் எழுத்துக்கூட்டலைக் கவனிக்க வேண்டும். நாம் 'த'வுக்கு டி.எச். போடுகிறோம், ஆங்கிலேயர் அதை 'தாங்க் யூ'வின் முதல் ஒலியாகப் படிப்பார்கள். 'ழ'வுக்கு இசட்.எச். போட்டால் எழிலனும் மகிழனும் அடையாளம் தெரியாமல் போவார்கள். தமிழ் தெரியாத ஒரு நண்பரிடம் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல் தொடர வேண்டும்.

ஒலிச் சோதனையை இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஹர்ஷித், தீக்‌ஷித் போன்ற பெயர்களின் கடைசி அசை ஆங்கிலத்தில் வசைச் சொல்லாகக் கேட்கும். பள்ளிப் பிள்ளைகள் விடமாட்டார்கள். வேல்ஸ் நாட்டின் அழகான பெயரான எவன், தமிழ்ப் பாட்டியின் காதில் எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது குடும்பப் பெயர். இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இது புதுச் சிக்கல். பெரும்பாலும் தந்தையின் பெயரே மகனுக்குக் குடும்பப் பெயராகிவிடும். அது நீளமானால் முதற்பெயரைச் சிறியதாக வைப்பது நல்லது. தாத்தாவின் பெயரை நடுப்பெயராகச் சேர்த்தால் ஊரில் மனக்கசப்பு வராது. அவசரத்தில் வைத்துவிட்டோமே என்று தோன்றினாலும் இங்கிலாந்து, வேல்ஸில் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முதற்பெயரை மாற்ற வழியிருக்கிறது.

எந்தப் பெயரை எடுத்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஊரிலேயே இருந்திருந்தாலும் இந்தப் பெயரை நமக்குப் பிடித்திருக்குமா? பிடித்திருக்கும் என்றால் தயங்காமல் வையுங்கள். அடுத்தவர் நாக்குக்கு எளிது என்ற ஒரே காரணத்துக்காக வைத்த பெயரைப் பற்றிப் பிள்ளையிடம் பெருமையாகச் சொல்ல எதுவும் இருக்காது. பிரிட்டனில் நாலு வயதில் பள்ளிப் படிப்பு தொடங்கிவிடும். அதற்குள் அவன் பெயரின் பொருளையும், யார் நினைவாக வைத்தோம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். யாராவது தப்பாகக் கூப்பிட்டால் கூச்சப்படாமல், மரியாதையோடு திருத்தவும் பழக்குங்கள். ஆங்கிலேயப் பிள்ளைகள் வாயில் நுழையாத டைனோசர் பெயர்களையெல்லாம் ஆசையாகக் கற்றுக்கொள்கிறார்கள். கூட விளையாடும் நண்பனின் பெயரையும் கற்றுக்கொள்வார்கள்.