"அந்த ஷாட் எங்கேப்பா?" - எடிட்டிங் கூடங்களில் தினமும் ஒரு தேடுதல் வேட்டை! லட்சம் கொட்டி சாப்ட்வேர் வாங்குமுன் கவனியுங்கள்

சென்னை:

இரவு மணி 11. காலையில் டிரெய்லர் வெளியாக வேண்டும். டைரக்டர் ஒரே ஒரு குளோசப் கேட்கிறார். எடுத்தது நிச்சயம். எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அது எந்த ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை!

"அண்ணே, நீலக் கலர் டிஸ்க்குலதான் போட்டேன்" என்பார் ஒரு உதவியாளர். "அதை விளம்பர வேலைக்குக் கொடுத்தாச்சே" என்பார் இன்னொருவர். அப்புறம் என்ன? விடியவிடிய வேட்டைதான்.

வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம் பக்கம் போனால் குடியிருப்புத் தெருக்களிலேயே எடிட்டிங் கூடங்களைப் பார்க்கலாம். சினிமா, டி.வி. தொடர், விளம்பரம், யூ டியூப், கல்யாண வீடியோ என்று எல்லா வேலையும் நடக்கிறது. எல்லா இடத்திலும் அலமாரி நிறைய டிஸ்க்குகள். எதன்மேலும் முழு விவரம் இருக்காது. "புதுசு", "பைனல்", "பைனல்-2", "உண்மையான பைனல்" என்று எழுதி ஒட்டியிருக்கும்!

மருந்து என்ன?

இந்தத் தலைவலிக்கு மருந்தாக விற்கப்படுவதுதான் "மீடியா அசெட் மேனேஜ்மெண்ட்" சாப்ட்வேர். சுருக்கமாக எம்.ஏ.எம்.

அது என்ன செய்யும்? கன்னிமாரா நூலகத்தில் புத்தகம் தேடுகிறோம். அலமாரி அலமாரியாகவா புரட்டுகிறோம்? பட்டியலைப் பார்க்கிறோம். எண் கிடைக்கிறது. நேராகப் போய் எடுக்கிறோம். எம்.ஏ.எம். என்பது வீடியோவுக்கு அப்படி ஒரு பட்டியல். எந்தக் காட்சி, எந்தத் தேதி, யார் நடித்தது, எந்த டிஸ்க்கில் இருக்கிறது, யார் கடைசியாக எடுத்தார்கள் என்பதை அது கணக்கு வைத்துக்கொள்ளும்.

இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பட்டியல் வேறு, அலமாரி வேறு! டிஸ்க் செத்துப்போனால் பட்டியல் அதைப் பிழைக்க வைக்காது. "இன்ன ஷாட் இந்த டிஸ்க்கில் இருந்தது" என்று துக்கச் செய்தி மட்டும் சொல்லும். எனவே நம்பகமான சேமிப்பு முதலில், சாப்ட்வேர் பிறகு.

பிலிம் காலத்தில்...

பிலிமில் படம் எடுத்த காலத்தில் இந்தச் சங்கடம் இவ்வளவு இல்லை. கிளாப் பலகையில் காட்சி எண், ஷாட் எண், டேக் எண் இருக்கும். பிலிமின் ஓரத்திலேயே வரிசை எண் அச்சாகியிருக்கும். உதவி எடிட்டர் நோட்டுப் போட்டு எழுதி வைப்பார். கேன்மீது சீட்டு ஒட்டியிருக்கும். அந்த நோட்டுதான் அன்றைய எம்.ஏ.எம்.!

பிலிமுக்கு விலை உண்டு. அதனால் அளந்து எடுத்தார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் எடிட்டிங் வந்தது. 1994-ல் வெளியான "மகாநதி" படத்தில்தான் "ஏவிட்" முறை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பயன்பட்டது என்று திரையுலகில் சொல்வது வழக்கம். அதற்கும் பிறகு கேமிராவே டிஜிட்டல் ஆனது. பிலிம் செலவு போயிற்று. கூடவே அளவும் போயிற்று! "ஓடட்டும் சார், கார்டுதானே" என்று கேமிராவை ஓட விடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 4-கே அளவில், "புரோ ரெஸ் 422 ஹெச்.கியூ." முறையில், வினாடிக்கு 25 பிரேம் எடுத்தால் மணிக்குச் சுமார் 330 ஜி.பி. ஆகிறது. இரண்டு கேமிரா தலா 4 மணி நேரம் ஓடினால் ஒரே நாளில் 2,600 ஜி.பி.க்கு மேல்! அதற்கு ஒரு நகல் எடுத்தால் இரு மடங்கு.

ஒரே பெயர், இரண்டு வீடியோ!

இதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. சில கேமிராக்கள் புதிய கார்டு போட்டால் "சி-0001" என்று முதலிலிருந்து பெயர் வைக்கும். இரண்டு கேமிராவிலும் அதே பெயர் வரலாம். தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் ஒரே போல்டரில் கொட்டி, "ரீப்ளேஸ்" என்று அமுக்கிவிட்டால் போச்சு! முதல் வீடியோவின் மேல் இரண்டாவது உட்கார்ந்துகொள்ளும்.

சினிமா என்றால் பணம் கொடுத்து மறுபடி எடுக்கலாம். கல்யாண வீட்டில் தாலி கட்டும் காட்சி போனால் "இன்னொரு தடவை கட்டுங்க மாப்பிள்ளை" என்று சொல்ல முடியுமா?

அழிந்த படம், காப்பாற்றிய தாய்

பெரிய கம்பெனிகளில் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். 1998-ல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் "டாய் ஸ்டோரி-2" தயாராகிக் கொண்டிருந்தது. யாரோ கம்ப்யூட்டரில் தவறான உத்தரவைக் கொடுத்துவிட்டார்கள். கண் எதிரிலேயே கோப்புகள் மளமளவென்று மறைந்தன. படத்தின் பெரும்பகுதி காலி!

"நகல் இருக்கிறதே" என்று ஓடிப் பார்த்தார்கள். அந்த நகல் சரியாகப் பதிவாகாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

படத்தின் தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சூஸ்மன் என்ற பெண்மணி. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்து வந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக் கம்பளியில் சுற்றி, காரில் வைத்து, பத்திரமாகக் கொண்டு வந்தார்கள். படம் 1999-ல் வெளியானது.

பாடம் என்ன? நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதைத் திறந்து பார்க்க வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வித சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது இந்தத் தொழிலின் பால பாடம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு "வேறு இடம்" ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மூன்று பிரதியையும் ஒரே தரைத்தள அறையில் வைத்தால் அது ஒரு பிரதிதான்!

யாருக்கு எது தேவை?

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம். கடைக்காரர் காட்டும் அழகான திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் உங்கள் வேலை என்ன என்று பாருங்கள்.

செய்தி டி.வி. என்றால் வேகம்தான் உயிர். ஒரு தலைவர் காலமானார் என்று திடீரென்று தகவல் வருகிறது. பத்து நிமிடத்தில் அவருடைய பழைய பேச்சு திரையில் ஓட வேண்டும். ஒளிபரப்பு நிலையங்களுக்கென்றே உள்ள "ஏவிட் மீடியா சென்ட்ரல்" போன்ற பெரிய ஏற்பாடுகள் அதற்குத்தான். விலையும் பெரிது, பார்த்துக்கொள்ளத் தனி ஆளும் வேண்டும்.

நடுத்தரக் கூடங்களுக்கு "கேட் டி.வி.", "ஐகானிக்" போன்றவை இருக்கின்றன. "பிரேம் ஐ.ஓ." என்பது, எடிட் செய்ததை டைரக்டருக்கும் விளம்பரக் கம்பெனிக்கும் அனுப்பி "இங்கே வெட்டு, அங்கே நீட்டு" என்று கருத்து வாங்குவதற்கென்று பிறந்தது. 2021-ல் அதை அடோப் நிறுவனம் வாங்கிக்கொண்டது. கருத்து வாங்குவது ஒரு வேலை. பத்து வருடச் சரக்கைப் பட்டியல் போடுவது வேறு வேலை. எது வேண்டும் என்று தெரிந்து கேளுங்கள்.

மூன்று நான்கு பேர் வேலை செய்யும் சிறிய கூடமா? இப்போதைக்கு எதுவுமே வாங்க வேண்டாம்! எல்லோரும் ஒரே மாதிரி போல்டர் பெயர் வையுங்கள். தேதி முதலில், படத்தின் பெயர் அடுத்து, கேமிரா எண் கடைசியில். டிஸ்க்குகளுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியல் எழுதுங்கள். செலவு, ஒரு நோட்டுப் புத்தகம்! இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் எத்தனை லட்சம் சாப்ட்வேர் போட்டாலும் குப்பைதான் வேகமாகக் கிடைக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

விற்பனையாளர் வந்தால் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, சின்ன நகல். மூல வீடியோ மலைபோல இருக்கும். அதற்குப் பதிலாக "பிராக்ஸி" என்ற சிறிய நகலைத் தானே உண்டாக்குமா? வினாடிக்கு 5 மெகாபிட் பிராக்ஸி என்றால் ஒரு மணி நேரம் வெறும் 2.25 ஜி.பி.தான். சாதாரண கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம், வெட்டலாம். கடைசியில் மூலத்தோடு தானே பொருந்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உங்கள் எடிட்டிங் சாப்ட்வேரோடு ஒத்துப்போகுமா? பிரீமியர், ரிசால்வ், ஏவிட் எதுவானாலும், எடிட்டர் தன் திரையை விட்டு எழுந்து போகாமலே தேட முடிய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே அதைத் தொடமாட்டார்கள்.

மூன்றாவது, தமிழ் தெரியுமா? இதுதான் நம் ஊருக்கு முக்கியம். "தமிழ்ச்செல்வி" என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் "டி"யில் தொடங்கி "எல்" போட்டு எழுதுவார். இன்னொருவர் "இசட் ஹெச்" போடுவார். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. யூனிகோடு வருமுன் பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த விவரங்கள் புதிய சாப்ட்வேரில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அதை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.

"ஏ.ஐ. இருக்கு சார், பேசுறதை எல்லாம் அதுவே எழுதிடும்" என்று சொல்வார்கள். சொல்லட்டும். உங்கள் வீடியோவைக் கொடுத்துச் சோதியுங்கள். மதுரைப் பேச்சு, நெல்லைப் பேச்சு, பாதி இங்கிலீஷ் கலந்த சென்னைப் பேச்சு மூன்றையும் போடுங்கள். சாயம் வெளுத்துவிடும், அல்லது சந்தோஷப்படுவீர்கள்!

நான்காவது, பூட்டு. வெளிவராத படம் திருட்டுத்தனமாக வெளியே போனால் தயாரிப்பாளர் தலையில் துண்டுதான். யார் பார்த்தார், யார் இறக்கினார் என்று பதிவாக வேண்டும். பார்ப்பவர் பெயரே திரையில் தெரியும்படி "வாட்டர் மார்க்" போட முடிய வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டு அன்றைக்கே செத்துப்போக வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு

"மாதம் இவ்வளவுதான் சார்" என்பார்கள். ஒரு ஆளுக்கா, ஒரு டி.பி.க்கா? அதைக் கேளுங்கள்.

சரக்கை இணையத்தில் வைக்கும் "கிளவுட்" முறையில் ஏற்றுவதற்குக் கட்டணம் இருக்காது. பல நிறுவனங்களில் இறக்குவதற்குக் கட்டணம் உண்டு! அவசரத்துக்குப் பழைய படத்தை முழுதாக இறக்கினால் பில் வந்து நிற்கும்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். வினாடிக்கு 100 மெகாபிட் இணைப்பு, முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு டி.பி. ஏறுவதற்கு 22 மணி நேரம் ஆகும். அதற்குள் மறுநாள் ஷூட்டிங் முடிந்து அடுத்த கார்டு வாசலில் நிற்கும். பகலில் மின்சாரம் போனால் இன்னும் நேரம்.

நெடுநாள் வைத்திருக்க எல்.டி.ஓ. என்ற காந்த நாடா இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. 9-வது தலைமுறை நாடா ஒன்றில் 18 டி.பி. கொள்ளும். ஆனால் அந்தக் கருவி தனக்கு முந்தின ஒரு தலைமுறை நாடாவைத்தான் படிக்கும். அதற்கும் பழையதைப் படிக்காது. ஆகவே நாடாவோடு சேர்த்துக் கருவியையும் பத்திரப்படுத்த வேண்டும், அல்லது சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய நாடாவுக்கு மாற்ற வேண்டும்.

கடையை மூடினால்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. "நாளைக்கு உங்க கம்பெனி இதை நிறுத்திட்டா என் பட்டியல் என்ன ஆகும்?"

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஆப்பிள் நிறுவனம் 2008-ல் "பைனல் கட் சர்வர்" என்று இதே வேலைக்கு ஒரு சாப்ட்வேர் கொண்டுவந்தது. 2011-ல் அதை நிறுத்திவிட்டது. நம்பி வாங்கியவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய கம்பெனியே இப்படி என்பது குறிப்பிடத்தக்கது.

ஆகவே பட்டியல் முழுவதையும் சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று, வாங்கும் நாளிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மூல வீடியோவின் பெயரையும் இடத்தையும் மாற்றாமல் வைத்திருக்குமா என்றும் பாருங்கள். உள்ளே போக வழி காட்டுபவர் வெளியே வரவும் வழி காட்ட வேண்டும்.

ஆள் வேண்டும்!

சாப்ட்வேர் தானாக ஓடாது. கார்டு வந்ததும் சரிபார்த்து ஏற்ற வேண்டும்; காட்சி விவரம் எழுத வேண்டும்; நகல் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று பொறுப்பான ஓர் ஆளை வையுங்கள். "எல்லோரும் செய்வார்கள்" என்றால் ஒருவரும் செய்யமாட்டார்கள். ஷாட் தொலைந்தால் மட்டும் பழி, சம்பளம் குறைந்த உதவியாளர் தலையில்தான் விழும். அவர் வேலையும் போகும். ஷாட்டும் திரும்பி வராது.

முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" 1931-ல் வெளிவந்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. அன்று வசதி இல்லை என்று சமாதானம் சொல்லலாம். இன்று என்ன சமாதானம் சொல்வது?

சாப்ட்வேர் வாங்குமுன் இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். போன வருடம் இதே மாதம் எடுத்த ஏதாவது ஒரு ஷாட்டைச் சொல்லி, ஆபீசில் ஒருவரைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.

ஐந்து நிமிடத்தில் வந்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி ஆனால், விற்பனையாளரைக் கூப்பிடுங்கள். வரவே இல்லை என்றால், சாப்ட்வேரை அப்புறம் பார்க்கலாம். முதலில் இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கி, மிச்சம் இருப்பதை நகல் எடுங்கள்!