பழைய மிஷினுக்குப் பேரிங் தேடிய கதை

மும்பை தாராவியில் எங்கள் இரவு வகுப்பு நடக்கிறது. அங்கே ஓர் அண்ணாச்சி படிக்க வருகிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள்.

பட்டறையில் பழைய பேண்ட் சா ஒன்று இருக்கிறது. அது மரம் அறுக்கும் மிஷின். மேலே ஒரு சக்கரம். கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி ரம்பப் பட்டை ஓடும். மிஷின் இங்கிலாந்தில் செய்தது. 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இந்த ஊரில் துணி மில்கள் ஒவ்வொன்றாக மூடின. அப்படி மூடிய ஒரு மில்லின் தச்சுக் கூடத்தில் இருந்த மிஷின் அது. அண்ணாச்சியின் அப்பா ஏலத்தில் வாங்கினார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மிஷின் கத்த ஆரம்பித்தது. மேல் சக்கரம் ஆடியது. பேரிங் தேய்ந்து போயிருந்தது. வேலை நின்றது. பழைய இரும்பு வாங்கும் பங்கார் கடைக்காரர் வந்து பார்த்தார்.

"இதுக்கு இனி சாமான் கிடைக்காது. கிலோ கணக்கில் எடுத்துக்கிறேன்" என்றார்.

அண்ணாச்சி கொடுக்கவில்லை. கடைக்குப் போனார். ஆனால் பழைய பேரிங்கைக் கொண்டு போகவில்லை. "ஒரு அங்குல ஷாஃப்டு" என்று வாயால் சொன்னார். கடைக்காரர் 6205 என்ற பேரிங்கைக் கொடுத்தார். "இதுவே போதும்" என்றார். அது ஷாஃப்டில் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை? கணக்கைப் பாருங்கள்.

6205 என்ற எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் 05. அதை 5ஆல் பெருக்குங்கள். 25 வரும். அந்தப் பேரிங்கின் ஓட்டை 25 மில்லிமீட்டர். 6206 என்றால் 30 மில்லிமீட்டர். 6204 என்றால் 20. 04 முதல் மேலே உள்ள எண்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். ஒரு அங்குலம் எவ்வளவு? 25.4 மில்லிமீட்டர். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் ஏறாது. வெளிச்சுற்றும் பொருந்தாது.

மெக்கானிக் ஒருவர் யோசனை சொன்னார். "ஷாஃப்டைக் கடைந்து குறைச்சிடலாம். வெளியே ஒரு வளையம் போட்டுடலாம்" என்றார். சில நேரம் வேறு வழி இருக்காது என்பது உண்மை. ஆனால் அதை முதல் வழியாகச் செய்யக் கூடாது. கடைந்த ஷாஃப்டு மறுபடி வளராது.

அன்று இரவு அண்ணாச்சி பழைய பேரிங்கை வகுப்புக்கே கொண்டு வந்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்தார்.

"இதுல என்னவோ எழுதியிருக்கு டீச்சர். கொஞ்சம் பாருங்க" என்றார்.

எனக்கு மிஷின் தெரியாது. எழுத்து மட்டும் தெரியும். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தோம். விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்தோம். பள்ளமான எழுத்தில் வெள்ளை தங்கியது. எல் ஜே 1 என்று தெரிந்தது. எண்ணை அண்ணாச்சியே படித்தார். ஆங்கில எழுத்தை நான் படித்தேன். அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இரண்டு முறை தப்பாக எழுதினார். மூன்றாவது முறை சரியாக வந்தது.

மறுநாள் நாக்தேவி தெருவுக்குப் போனார். மும்பையில் இரும்புச் சாமான், பேரிங், போல்ட் எல்லாம் விற்கும் தெரு அது. மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் இருந்தார். தாளைப் பார்த்தார். "இதற்கு இன்னொரு பெயர் ஆர் எல் எஸ் 8" என்றார். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அளவு ஒன்றுதான். ஓட்டை 1 அங்குலம். வெளிச்சுற்றின் குறுக்களவு இரண்டேகால் அங்குலம். தடிமன் 5/8 அங்குலம். அங்குல அளவுப் பேரிங்குகளை இன்றும் செய்கிறார்கள். மேல் சக்கரத்துக்கு இரண்டு வாங்கினார்.

மிஷினைச் செய்த கம்பெனி மூடியிருக்கலாம். ஆனால் அந்தக் கம்பெனியும் பேரிங்கை வெளியில்தான் வாங்கியது. போல்ட், பெல்ட் கதையும் பெரும்பாலும் இதுதான். அதனால் மிஷின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். சாமானின் எண்ணைச் சொல்லித் தேடுங்கள்.

போல்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டில் மீட்டர் அளவுக்கு 1956இல் சட்டம் வந்தது. அதற்கு முன் வந்த இங்கிலாந்து மிஷின்களில் அங்குல போல்ட்தான் இருக்கும். அதன் புரிக்கு விட்வொர்த் என்று பெயர். விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் 1841இல் வகுத்த அளவு அது. புரி என்றால் போல்ட்டைச் சுற்றி வரும் திருகு வரை. போல்ட்டின் மேல் ஸ்கேலை வையுங்கள். ஒரு அங்குலத்தில் எத்தனை புரி என்று எண்ணுங்கள். அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் 12 இருக்கும். அமெரிக்க முறை அரை அங்குல போல்ட்டில் 13 இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மாற்றிப் போட்டால் நட்டு கொஞ்சம் ஏறும். பிறகு இறுகும். ஸ்பேனரால் அழுத்தித் திருகினால் புரி கெட்டுவிடும். முதலில் கையால் திருகிப் பாருங்கள்.

பெல்ட்டின் முதுகில் பி 52 என்று இருந்தால், பி என்பது அகல வகை. 52 என்பது உள்சுற்று நீளம், அங்குலத்தில்.

கடையில் கிடைக்காத சாமானும் உண்டு. மேசையைத் தாங்கும் வார்ப்பிரும்புத் துண்டு உடைந்தால் எங்கே வாங்குவது? செய்யத்தான் வேண்டும். இதில் தச்சருக்கு ஒரு வசதி இருக்கிறது. உடைந்த துண்டைப் போலவே மரத்தில் மாதிரி செய்து வார்ப்புப் பட்டறையில் கொடுக்கலாம். மாதிரியை மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மாதிரியை ஓர் அடிக்கு 1/8 அங்குலம் பெரிதாகச் செய்ய வேண்டும். கடைந்து சீர் செய்யும் இடங்களில் இன்னும் கொஞ்சம் தடிமன் விட வேண்டும்.

பழைய இரும்புச் சந்தையிலும் தேடலாம். மும்பை தாருகானா கப்பல்களை உடைத்து விற்ற இடம். அங்கே பொறுமையாகச் சுற்றினால் மோட்டார், புல்லி எல்லாம் கண்ணில் படும். ஆனால் பேண்ட் சா சக்கரம் வாங்கினால் கவனம் வேண்டும். ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சின்ன மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். நல்ல சக்கரம் மணிபோல ஒலிக்கும். விரிசல் இருந்தால் மொத்தையாகச் சத்தம் வரும். விரிசல் விட்ட சக்கரத்தை வெல்டிங் வைத்து ஓட்டவே கூடாது. ஓடும்போது உடைந்தால் துண்டு பறந்து வந்து ஆளை அடிக்கும். விலை மலிவு என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

இன்னொன்று. மிஷினைத் திறக்கும் முன் மெயினை அணையுங்கள். பியூஸைக் கழற்றி உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். அண்ணாச்சி அப்படித்தான் செய்தார்.

மிஷின் இப்போது ஓடுகிறது. அதன் கதவின் உட்பக்கம் அண்ணாச்சி வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருக்கிறார். "மேல் சக்கரம். எல் ஜே 1 அல்லது ஆர் எல் எஸ் 8. இரண்டு வேண்டும்." அதன் கீழே தேதி. அதற்கும் கீழே "பெல்ட்" என்று எழுதி இடம் விட்டிருக்கிறார். அந்தப் பெல்ட்டில் எண் தேய்ந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி நூல் வைத்து அளக்கப் போகிறார்.