தோட்டத் தொழிலாளிக்குக் கிரீடம்!
ஒரு தலைமுறைக்கு ஒரு முறை நடக்கும் திராட்சைத் திருவிழா

சுவிட்சர்லாந்து நாட்டில் வெவே என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏரிக்கரை ஊர்.

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18-ந்தேதி. அந்த ஊர்ச் சந்தைத் திடலில் மாபெரும் அரங்கம். சுற்றிலும் 20 ஆயிரம் பேர் உட்காரும் இடம். வாத்தியங்கள் முழங்குகின்றன. நடு அரங்கில் சிலரை அழைத்து நிறுத்துகிறார்கள். தலையில் கிரீடம் சூட்டுகிறார்கள். கை தட்டல் வானைப் பிளக்கிறது.

கிரீடம் சூடியவர்கள் யார்? ராஜாவா? இல்லை. மந்திரியா? இல்லை. சினிமா நட்சத்திரமா? அதுவும் இல்லை.

அவர்கள் தோட்டத் தொழிலாளிகள்! திராட்சைக் கொடியை வெட்டி, கட்டி, களை எடுத்துப் பிழைக்கிறவர்கள். அவர்கள் பாடுபடும் தோட்டம்கூட அவர்களுக்குச் சொந்தம் இல்லை!

இப்படி ஒரு விழா உலகத்தில் வேறு எங்கும் நடப்பதாகத் தெரியவில்லை. இது ஆண்டுதோறும் நடப்பதும் இல்லை. ஒரு தலைமுறைக்கு ஒரு முறைதான் வரும். 1797-ஆம் ஆண்டில் முதல் விழா. 2019-இல் நடந்தது பன்னிரண்டாவது விழா. 222 ஆண்டுகளில் பன்னிரண்டே முறை!

தாத்தா ஒரு விழா பார்த்திருப்பார். அப்பா ஒன்று பார்த்திருப்பார். பேரன் ஒன்று பார்ப்பான். 

மூன்று சூரியன்கள்

வெவே ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சிரிப்பு நடிகர் சார்லி சாப்ளின் தம் கடைசிக் காலத்தைக் கழித்தது இதன் பக்கத்து ஊரில்தான். 1953-ஆம் ஆண்டு அங்கே குடியேறினார். 1977-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அங்கேயே காலமானார். வெவே ஏரிக்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. குழந்தைகள் விரும்பித் தின்னும் பால் சாக்லேட் இருக்கிறதே, அதைச் செய்து பார்த்து வெற்றி கண்ட டானியல் பீட்டர் என்பவரும் வெவே ஊரில் வாழ்ந்தவர்தான்.

ஆனால் ஊருக்குச் சோறு போட்டது சாக்லேட் அல்ல. திராட்சை.

ஜெனீவா ஏரியின் வட கரையில் மலைச் சரிவு. அதன் பெயர் லவோ. சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தச் சரிவு முழுவதும் திராட்சைத் தோட்டம். சரிவு என்றால் சாதாரணச் சரிவு அல்ல. கால் வழுக்கினால் ஏரியில் போய் விழலாம் என்பது போல இருக்கும்.

ஆகவே படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்தவத் துறவிகள் தொடங்கிய வேலை இது. பிறகு வந்தவர்கள் தொடர்ந்து கட்டினார்கள். இன்று அந்தச் சுவர்களை எல்லாம் ஒன்றோடு ஒன்று நீட்டி வைத்தால், சென்னையிலிருந்து மதுரை வரை கிட்டத்தட்ட எட்டும்! யுனெஸ்கோ நிறுவனம் 2007-ஆம் ஆண்டு இந்த மலைச் சரிவை உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தது.

அந்த மக்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். தங்கள் கொடிக்கு மூன்று சூரியன்கள் உண்டாம்.

வானத்துச் சூரியன் ஒன்று. ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் சூரியன் ஒன்று. பகலெல்லாம் காய்ந்த கல் சுவர், இரவில் சூட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. அது மூன்றாவது சூரியன். குளிர் நாட்டில் திராட்சை பழுப்பது இந்த மூன்றாலும்தான்.

ஆனால் மூன்று சூரியன் இருந்தால் போதுமா? நான்காவதாக ஒருவன் வேண்டும். அவன்தான் தொழிலாளி.

மழை பெய்தால் மண் கரைந்து கீழே இறங்கிவிடும். முன் காலத்தில் அந்த மண்ணைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து, மறுபடியும் மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஆண்டுக்கு ஆண்டு இதே வேலை! இப்போது மலை ஏறுவதற்கு ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி இயந்திர வண்டி இருக்கிறது. சுமை குறைந்தது. ஆனாலும் கொடியை வெட்டுவது, கட்டுவது, இலை கிள்ளுவது எல்லாம் பெரும்பாலும் கை வேலைதான். சரிவிலே பெரிய டிராக்டர் ஏறாது.

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பத்துத் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டே இருப்பார்கள். லவோவில் அந்தக் கொடுப்பினை இல்லை. ஆண்டுக்கு ஒரே அறுவடை. செப்டம்பர், அக்டோபரில் பறித்தால் உண்டு. இடையில் ஆலங்கட்டி மழை பெய்தால் ஓராண்டுப் பாடும் போச்சு.

அங்கே அதிகம் பயிராவது ஷாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சை. அதில் ஒயின் செய்கிறார்கள். ஒயின் குடிப்பது நல்லதா, கெட்டதா என்பது வேறு பேச்சு. அந்த நாட்டில் அது சாப்பாட்டோடு சேர்ந்த பண்டம். இங்கே பேச வந்தது குடியைப் பற்றி அல்ல; உழைப்பைப் பற்றி.

மதிப்பெண் போடும் சங்கம்

வெவே ஊரில் திராட்சைத் தோட்டக்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. மிகப் பழைய சங்கம். அதன் ஏடு ஒன்று 1647-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. "பிரார்த்தனை செய், பாடுபடு" என்பது சங்கத்தின் வாசகம்.

அந்தக் காலத்தில் நிலம் பணக்காரர்கள் கையில் இருந்தது. அவர்கள் பட்டணத்தில் இருந்தார்கள். தோட்டத்தை ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்துவிடுவார்கள். இத்தனை பரப்புக்கு இத்தனை கூலி என்று பேச்சு. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று முதலாளிக்கு எப்படித் தெரியும்?

அதற்குத்தான் சங்கம். விஷயம் தெரிந்த ஆட்களைச் சங்கம் தோட்டத்துக்கு அனுப்பும். அவர்கள் ஒவ்வொரு துண்டு நிலமாக நடந்து பார்ப்பார்கள். கொடி வெட்டியது சரியா? களை இருக்கிறதா? சுவர் இடிந்து கிடக்கிறதா? பார்த்து எழுதி முதலாளிக்குத் தெரிவிப்பார்கள்.

கேட்டால் என்ன தோன்றுகிறது? கங்காணி வேலை போலத்தான் தோன்றுகிறது! உண்மையில் தொடக்கம் அப்படித்தான். முதலாளிகளின் சங்கம், தொழிலாளியின் வேலையில் குறை கண்டுபிடித்தது.

பிறகுதான் ஒரு நல்ல புத்தி வந்தது. குறையை மட்டும் எழுதினால் போதுமா? நன்றாக வேலை செய்தவனை நாலு பேர் அறியப் பாராட்ட வேண்டாமா? 18-ஆம் நூற்றாண்டில் நல்ல தொழிலாளிக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கினார்கள். சங்கத்தார் ஊரைச் சுற்றி ஊர்வலம் போவது வழக்கம். அந்த ஊர்வலத்தில் அவனையும் மரியாதையாக அழைத்துச் சென்றார்கள்.

ஊர்வலத்தைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்துக்காகப் பாட்டு வந்தது, ஆட்டம் வந்தது. 1797-இல் மேடை போட்டு, மக்களை உட்கார வைத்து விழாவாகவே நடத்திவிட்டார்கள். மறு ஆண்டு ஜனவரியில் அந்த வட்டாரம் பெர்ன் நகர ஆட்சியிலிருந்து விடுபட்டது என்பது தனிக் கதை.

தோட்டத்தைச் சோதிப்பது இன்றும் நிற்கவில்லை. இன்றைக்கும் ஆட்கள் தோட்டம் தோட்டமாகப் போகிறார்கள். மதிப்பெண் போடுகிறார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பதக்கம் கொடுக்கிறார்கள். கிரீடம் மட்டும் பெரிய விழாவில்தான்.

ஒரு தொழிலாளி இருபது வயதில் வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கை ஓய்வதற்குள் இரண்டு விழா வரலாம். அந்த இரண்டில் ஒன்றில் கிரீடம் கிடைத்தால் உண்டு. விட்டால் இல்லை!

ஊரே நடிக்கிறது

2019-ஆம் ஆண்டு விழா ஆகஸ்டு 11-ந்தேதி வரை நடந்தது. தானியேலே பின்சி பாஸ்கா என்ற பெயர் பெற்ற நாடக இயக்குநர் அதை அமைத்தார்.

ஆடியவர்கள் சுமார் ஐயாயிரத்து ஐந்நூறு பேர். பெரும்பாலோர் அந்த வட்டாரத்து மக்கள். ரொட்டிக் கடைக்காரர், பள்ளி ஆசிரியை, தபால்காரர், பாட்டி, பேத்தி என்று வீட்டுக்கு வீடு ஆள் வந்தார்கள். நடித்ததற்குச் சம்பளம் கிடையாது. மாதக்கணக்கில் ஒத்திகை.

கதை சிறியது. ஜூலி என்ற சிறுமி. அவளுக்கு ஒரு தாத்தா. திராட்சைத் தோட்டத்தின் ஓராண்டு வாழ்க்கையைத் தாத்தா பேத்திக்குக் காட்டுகிறார். அறுவடை, பனிக்காலம், கொடி வெட்டுதல், தளிர், பூ, மீண்டும் அறுவடை. இவ்வளவுதான். அரங்கத்தின் தரையே ஒளி வீசும் திரையாக மாறி, பனியும் இலையும் தண்ணீருமாகத் தெரிந்தது. பழைய கதைக்குப் புதிய விளக்கு.

விழாவில் எல்லோரும் காத்திருப்பது ஒரு பாட்டுக்கு.

மலையில் மாடு மேய்ப்பவர்கள் மாடுகளைக் கூப்பிடும் பாட்டு அது. 19-ஆம் நூற்றாண்டில் விழாவுக்குள் வந்தது. சுவிஸ் வீரர்கள் கூலிக்குப் போர் செய்ய அயல் நாட்டுக்குப் போன காலத்தில், இந்தப் பாட்டைப் பாடக் கூடாது என்று அவர்களுக்குத் தடை போட்டார்கள் என்று ஒரு பழைய செய்தி உண்டு. பாடினால் வீட்டு நினைவு வந்து அழுதுவிடுவார்களாம்! 1977-ஆம் ஆண்டு விழாவில் பெர்னார் ரோமனன்ஸ் என்பவர் இதைப் பாடினார். நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது. இன்றும் அந்தப் பாட்டு தொடங்கினால் அரங்கம் எழுந்து நிற்கிறது. வயதானவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

ஊர் கொள்ளாத கூட்டம். விழா நாட்களில் சுமார் பத்து லட்சம் பேர் வெவேக்கு வந்து போனார்கள். ஊரின் ஜனத்தொகையோ இருபதாயிரம்தான்!

வேடிக்கை என்னவென்றால், திராட்சைத் திருவிழா நடக்கும்போது மலையில் பழுத்த திராட்சை ஒன்றுகூட இருக்காது. எல்லாம் பச்சைக் காய். பழம் வந்துவிட்டால் ஆடுவதற்கு யாருக்கு நேரம்?

கணக்குப் பார்த்தால்...

இனி வருத்தமான பகுதி.

2019 விழாவுக்குச் செலவு சுமார் 10 கோடி பிராங்க். டிக்கெட் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. முடிவில் கணக்குப் பார்த்தபோது சுமார் ஒன்றரைக் கோடி பிராங்க் நஷ்டம்! பழைய விழாவில் மிஞ்சியதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து எடுத்து அடைக்க வேண்டியதாயிற்று.

அரங்கம் அத்தனை பெரிதாக வேண்டுமா, தரையெல்லாம் விளக்கு எதற்கு என்று ஊரில் வாக்குவாதம் எழுந்தது. நியாயமான கேள்விதான். தொழிலாளி தலையில் கிரீடம் வைக்க அத்தனை பணம் தேவை இல்லை. ஆனால் சின்னதாக நடத்தினால் உலகம் திரும்பிப் பார்க்குமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோ இந்த விழாவை மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு வேறு!

அடுத்த விழா எப்போது? நாட்காட்டியில் குறித்து வைக்கும் வழக்கம் இல்லை. 1833-க்குப் பிறகு 18 ஆண்டு சென்று ஒன்று வந்தது. 1927-க்குப் பிறகு 28 ஆண்டு காத்திருந்தார்கள். நடுவே உலகப் போர். சங்கம் கூடி, காலம் கனிந்தது என்று சொன்னால்தான் விழா.

சனிக்கிழமைச் சந்தை

அதுவரை ஊர் சும்மா இருக்கிறதா?

கோடை பிறந்தால் அதே சந்தைத் திடலில் சனிக்கிழமை தோறும் நாட்டுப்புறச் சந்தை கூடுகிறது. ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதமும் உண்டு. காலையில் போனால், முதலில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் விலைக்கு வாங்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, தோட்டக்காரர்கள் போட்டிருக்கும் கடைகளில் அவரவர் ஒயினை ருசி பார்க்கலாம். ஊர் பேண்டு வாசிக்கிறது. கைவினைக்காரர்கள் கடை பரப்புகிறார்கள். குழந்தைகள் ஏரிக்கரையில் ஓடுகிறார்கள். கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

கோடையின் தொடக்கத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அந்த மாநிலம் முழுவதும் இரண்டு நாள் தோட்டக்காரர்கள் தங்கள் நிலவறைக் கதவைத் திறந்து வைக்கிறார்கள். பீப்பாய்கள் அடுக்கியிருக்கும் அறைக்குள் யாரும் போய்ப் பார்க்கலாம். "இது எந்தச் சரிவில் விளைந்தது? எத்தனை நாள் ஊறியது?" என்று கேட்கலாம். கேட்டால் அவர்களுக்குச் சந்தோஷம்.

சனிக்கிழமைச் சந்தையில் திடலில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஊருக்குப் பின்னால் மலைச் சரிவு தெரிகிறது. படி படியாகச் சுவர்கள். அங்கே எங்காவது சங்கத்து ஆட்கள் கையில் நோட்டோடு ஏறிக்கொண்டிருப்பார்கள். கொடி சரியாகக் கட்டியிருக்கிறதா, சுவரில் கல் பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் எழுதிக்கொள்வார்கள். 2019-இல் ஜூலியோடு ஆடிய பிள்ளைகளில் சிலர் இப்போது தோட்ட வேலை பழகும் வயதுக்கு வந்திருப்பார்கள்.