சாதன இயக்கியில் பயனர் தெரிவுகள்: ஒசூர் மின் ஸ்கூட்டர்களை முன்வைத்து

பயனரின் கட்டளையை வன்பொருளுக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் மென்பொருளைச் சாதன இயக்கி என்கிறோம். அதன் உள்மதிப்புகளுள் எவற்றைப் பயனர் மாற்ற விடலாம் என்பது கணினித்துறைக்கு மட்டும் உரிய வினா அன்று. ஒசூரில் டிவிஎஸ், ஏத்தர் நிறுவனங்களும் போச்சம்பள்ளியில் ஓலாவும் உருவாக்கும் மின் ஸ்கூட்டர்களிலும் இவ்வினா எழுகிறது. அவற்றின் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மென்பொருளும் பணியளவில் ஓர் இயக்கியே ஆகும்.

ஏத்தர் 450எக்ஸ் வண்டியில் ஈகோ, ரைடு, ஸ்போர்ட், வார்ப் என்னும் பயண முறைகள் உள்ளன. முறையை மாற்றும்போது மோட்டாருக்குச் செல்லும் ஆற்றலின் அளவு மாறுகிறது. ஆயினும் ஓட்டுநரிடம் ஆம்பியர் கணக்கு கேட்கப்படுவதில்லை. அவருக்குத் தேவை தொலைவா, வேகமா என்பதே கேட்கப்படுகிறது. அவ்விருப்பத்தை எந்த உணரியாலும் அறிய இயலாது. எனவே அது தெரிவாக அமைவது பொருத்தம். மின்கலத்தின் வெப்பநிலையையோ உணரியே அளந்துவிடும். அதைப் பயனர் தீர்மானிக்க வேண்டியதில்லை.

லினக்ஸ் இயங்குதள வரலாறும் இதற்குச் சான்றாகிறது. வலையட்டை இயக்கியின் வரிசை நீண்டால் தாமதம் பெருகும். குறுகினால் இணைப்பு வெறுமையாகக் கிடக்கும். 2012இல் வெளிவந்த 3.3 பதிப்பு, வரிசையில் நிற்கும் பைட்டுகளின் வரம்பைத் தானே கணிக்கும் வசதியைச் சேர்த்தது. பழைய தெரிவுகள் நீக்கப்படவில்லை. அவற்றைத் தொட வேண்டிய தேவையே குறைந்தது.

மூன்றாம் வகை, சட்டம் சார்ந்த வரம்பு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்ட மின் இருசக்கர வண்டி, பிற நிபந்தனைகளையும் நிறைவு செய்தால், மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. மென்பொருளால் வேகம் கட்டுப்படுத்தப்படும் வண்டியில் அவ்வரம்பைத் தளர்த்தினால் வண்டியின் சட்டநிலையே மாறிவிடும். அதன் தடையமைப்பும் அவ்வேகத்திற்கென வடிவமைக்கப்பட்டதன்று. ஆகவே இம்மதிப்பு பூட்டப்பட வேண்டும்.

அனைத்தையும் பூட்டினால் தனிப் பழுதுநீக்குநர்கள் நிறுவனத்தையே சார்ந்திருக்க நேரும் என்னும் மறுப்பு வலுவானது. ஆனால் மாற்றும் உரிமையும் காணும் உரிமையும் வேறுவேறு. பிழைக்குறியீடு, வெப்பநிலை, மின்கல மின்னழுத்தம் ஆகியவற்றைப் படிக்க விடுவதால் எவ்வரம்பும் மீறப்படாது. விருப்பம் பயனருக்கும், அளவிடத்தக்கது இயக்கிக்கும், பாதுகாப்பு வரம்பு சட்டத்திற்கும் உரியவை. காணும் உரிமை அனைவர்க்கும் பொது.