ஆராய்வோரும் ஆராய்விப்போரும்

விஞ்ஞானக் கல்வி பெற்று வெளியேறும் நம் மாணவருட் பலர், ஆய்வுகூடமொன்றிற் சேர்வதோடு தம் இலட்சியம் நிறைவெய்தியதாகக் கருதுகின்றனர். ஆராய்தல் ஒரு கலை. ஆராய்வித்தல் பிறிதொரு கலை. முன்னதில் வல்லார் யாவரும் பின்னதில் வல்லாராதல் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் வழியை ஒருவரின் வாழ்க்கை கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

மேர்வின் கெலி என்பார் 1894ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திற் பிறந்தவர். இலத்திரனின் ஏற்றத்தை அளந்த மில்லிக்கனிடம் சிக்காகோவிற் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றார். 1918இல் தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனமொன்றிற் சேர்ந்து, 1925இல் பெல் ஆய்வுகூடம் தோன்றியபோது அங்கே பணி தொடர்ந்தார். வெற்றிடக் குழாய்களைச் செப்பஞ் செய்வது அவர்க்கு வாய்த்த வேலை. அக்குழாய்கள் மின்சாரத்தை மிகுதியாக உண்பன, வெப்பத்தை உமிழ்வன, எளிதிற் பழுதுறுவன. இக்குறைகளை ஆண்டுக்கணக்கில் நேரிற் கண்டறிந்தமையே அவர் ஈட்டிய முதற்செல்வம்.

1936இல் அவர் ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். குழாயைத் திருத்துவதினும் அதற்கு மாற்றுக் காண்பதே வேண்டுவது எனத் தெளிந்தார். போர் முடியுந் தறுவாயில், 1945இல், பௌதிகவியலார், இரசாயனவியலார், பொறியியலார் ஆகியோரை ஒரு குழுவாக்கித் திண்மப் பொருள்களின் இயல்பை ஆராயப் பணித்தார். 1947 டிசெம்பரில் அக்குழுவினரான பார்டீனும் பிரட்டெய்னும் முதலாவது திரான்சிற்றரை ஆக்கினர். 1956இல் அவ்விருவரும் குழுத்தலைவர் ஷொக்லியும் நோபல் பரிசு பெற்றனர். 1951 முதல் 1959 வரை ஆய்வுகூடத்தின் தலைவராய் விளங்கிய கெலிக்கு அப்பரிசிற் பங்கில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை நான்கு. முதலாவது, ஒரு துறையிலேனும் ஆழ்ந்த பயிற்சி வேண்டும். தொழிலறியாத் தலைவனை அறிஞர் மதியார். இரண்டாவது, அயற்றுறையாரோடு கலந்து பழகி, அவர்தம் மொழியை விளங்கிக்கொள்ளல் வேண்டும். மூன்றாவது, விடைகளைத் தேடுமுன் வினாவைத் தெரிதல் வேண்டும்; பயன்தராத முயற்சியை உரிய காலத்தில் நிறுத்தும் துணிவும் அதனுள் அடங்கும். நான்காவது, தக்காரைத் தேர்ந்து, அவரிடமே வினையை விட்டு விலகி நிற்றல் வேண்டும். இதனையே வள்ளுவர் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தில் விரித்தோதினார்.

இவ்வழியிற் செல்வார் செலுத்தவேண்டிய விலையும் ஒன்றுண்டு. தாம் விரும்பிய கருவியையும் மேசையையும் விட்டுப் பிரிதல் வேண்டும். புகழ் பிறரைச் சேரக் கண்டு மகிழ்தல் வேண்டும். அம்மகிழ்ச்சி இயலாதார் ஆராய்ச்சியாளராகவே நிலைத்தல் நன்று, அஃது இழிவன்று. பதவி உயர்வொன்றையே கருதித் தலைமையை ஏற்பாராயின், நாடு நல்ல ஆராய்ச்சியாளர் ஒருவரை இழந்து, குறையுள்ள தலைவர் ஒருவரைப் பெறும்.

மாணாக்கரை உயர்த்தித் தாம் நின்ற இடத்திலேயே நிற்கும் ஆசிரியர்க்கு இவ்வுண்மை புதிதன்று. கல்லூரியை விட்டுச் செல்லும் இளைஞர், தமக்கேற்ற வழி எதுவெனத் தம் நெஞ்சையே வினவித் தெளிவாராக.